கோளாறு என் காலில் இல்லை

என் இடது காலைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு போகம் முழுக்கப் பேச்சு நடந்தது. அதே கால் சேற்றில் இறங்கி நடவு நட்டிருக்கிறது, சரியப் பார்த்த நெல் மூட்டைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது. அப்போதெல்லாம் ஒருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அது போய் ஒரு கிளட்ச் பெடல் மேல் உட்கார்ந்த பிறகுதான் ஆளாளுக்கு அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வந்தது.

செஞ்சிக்கும் வல்லத்துக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது, அதை ஓட்டுவது நான். சுற்றுப்பட்டு ஊர்களில் நெல்லையோ மல்லாட்டை என்கிற நிலக்கடலையையோ களத்தில் மூட்டை கட்டி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்வார்கள். ஏற்றிக்கொண்டு போய் செஞ்சி கமிட்டியில் இறக்குவேன். போர்டில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று எழுதியிருக்கும். அதை முழுசாகச் சொல்லிப் பேசுகிற விவசாயியை நான் இன்னும் பார்க்கவில்லை, எல்லோருக்கும் அது கமிட்டிதான்.

என் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்ட வராது. வராது என்றால் பயம். மொபெட்டில் போனாலே இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு போகிற மனிதர். நான் டிரைவிங் பழகப் போகிறேன் என்று சொன்னபோது தெருவே வாயில் கை வைத்தது. அவர் மட்டும், "நீ ஓட்டு, நான் மூட்ட ஏத்துறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

அவருக்கு ஓர் அண்ணன். எனக்கு மாமா முறை, அப்படித்தான் கூப்பிடுவேன். லாரி ஓட்டி வடநாடெல்லாம் சுற்றிவிட்டு இப்போது ஊரோடு வந்து, எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர். வண்டி குடும்பத்துக்கென்று வாங்கியது, அதனால் அதன் மேல் அவருக்கும் ஒரு சொல் இருந்தது. உண்மையைச் சொன்னால் அவருடைய சொல்தான் இருந்தது. நாங்கள் வண்டிக்கு டீசல் போட்டோம், அவர் அபிப்பிராயம் போட்டார்.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்து, மழையும் ஓய்ந்து, சம்பா நெல் கமிட்டிக்கு வரத் தொடங்கிய நேரம். கமிட்டி வாசலில் வரிசை கட்டி நிற்பது எப்படி என்று அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வண்டி நீளம் நகர வேண்டும், நிற்க வேண்டும். மறுபடி ஒரு வண்டி நீளம். வாசலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மேடு வேறு. வரிசை முடிவதற்குள் கிளட்சை எத்தனை முறை மிதித்தோம் என்று காலுக்கே கணக்கு மறந்துவிடும்.

முன்னால் நின்ற டிராக்டர் நகர்ந்தது. நான் கிளட்சை மிதித்தேன். பெடல் எப்போதும் பாதி தூரத்தில் பிடிக்கும். அன்று பிடிமானமே இல்லாமல் தரை வரைக்கும் போய்விட்டது. கியரைத் தள்ளினால் கரகரவென்று கத்தியது, உள்ளே போகவில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர், கமிட்டியில் தரகு பார்க்கிறவர், கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தார்.

"ஏம்மா, கெளட்ச நல்லா அமுக்கும்மா."

நான் தரை வரைக்கும் அமுக்கியிருந்தேன். அதற்குக் கீழே அமுக்க வேண்டும் என்றால் ரோட்டைத்தான் அமுக்க வேண்டும். கடைசியில் நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். தள்ளும்போது அவர்கள் பேசிக்கொண்டதை எல்லாம் நான் கேட்காதது போல் இருந்தேன்.

திண்டிவனம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் வந்து சேரும்போது வெயில் இறங்கிவிட்டது. பானெட்டைத் திறந்தார். கிளட்ச் ஆயில் இருக்கிற சின்ன டப்பாவின் மூடியைத் திருகி எட்டிப் பார்த்தார். "ஆயில் இருக்குதே" என்றார். மூடினார். ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார். பெடல் பாதியில் கெட்டியாகப் பிடித்தது. கியர் வெண்ணெயாக விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார், டீக்கடையில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், பிறகு எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள்.

அன்று தொடங்கியது. காலையில் நன்றாக இருக்கும். வெறும் வண்டியாக நேர் ரோட்டில் போனால் நன்றாக இருக்கும். லோடு ஏற்றி, செஞ்சிக் கடைத்தெருவில் ஊர்ந்து, பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நின்று நின்று போனால் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சில நாள் இறங்கவே இறங்காது. சில நாள் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் இறங்கிவிடும். கோளாறு என்று இருந்தால் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா? எப்போதும் கெட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். இது ஆளைப் பார்த்துக் கெட்டுப்போனது.

மெக்கானிக் கெட்டவர் இல்லை, வேலை தெரிந்தவர்தான். முதலில் பைப்பில் ஏர் பிடித்திருக்கும் என்று ஏர் எடுத்தார். அன்று முழுக்க நன்றாக ஓடியது. மறுநாள் இறங்கியது. கியர் பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் கீழ் சிலிண்டரைப் பிரித்து ரப்பர் மாற்றினார். அன்றும் நன்றாக ஓடியது, அதற்கு மறுநாள் இறங்கியது. பெடலுக்கு முன்னால் இருக்கும் மேல் சிலிண்டரையே புதுசாகப் போட்டார். "டப்பாவும் மூடியும் பழசே நல்லா இருக்குது. பூஜை போட்டது வேற" என்று மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பழையதையே பூட்டினார். ஒவ்வொரு முறையும் ஷெட்டில் நன்றாக இருந்தது, ஒவ்வொரு முறையும் ரோட்டில் என்னைக் கைவிட்டது.

கடைசியில் ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "பிளேட்டு நல்லா இருக்குது. ஆயிலு ஒழுவல. சிலிண்டரு புதுசு. மாத்துறதுக்கு வண்டியில இன்னும் ஒண்ணுமில்லண்ணே. மாத்தணும்னா ஓட்டுறவங்களத்தான் மாத்தணும்."

அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, மாமாவிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மாமாவுக்கு அது போதும், இடையில் அவர் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் பெடல் இறங்கியதே இல்லை. "பொம்பளைங்க கெளட்சு மேலயே கால வச்சிக்கினு ஓட்டுவாங்க. ஹாஃப் கெளட்சு. அதான் இது" என்றார். நான் ஓட்டும்போது கிளட்ச் மேல் கால் வைப்பதில்லை. மிதிப்பேன், எடுத்துவிடுவேன், எடுத்த காலைப் பக்கத்தில் தரையில் வைப்பேன். அங்கே ரப்பர் மேட்டில் என் குதிகால் பட்டுத் தேய்ந்த தடமே இருக்கிறது. அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். "மேட்டு தேயுறது சகஜம்தாம்மா" என்று சொல்லிவிட்டுக் காலருக்குள் கைக்குட்டையைச் சொருகிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு வீட்டில் வைத்துச் சொன்னார். "மல்லாட்ட சீசன் வருது. அதுக்குள்ள நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர வண்டியில போடுறேன். நல்லா ஓட்டுவாரு. நீ கூடப் போயி மூட்டய எண்ணிக்கோ."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மூட்டை எண்ணுவதற்கா நான் லைசென்ஸ் எடுத்தேன்? எட்டுப் போட்டுக் காட்டச் சொன்ன மைதானத்தில், வேடிக்கை பார்த்த அத்தனை ஆம்பளைகளுக்கும் நடுவில் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு எட்டுப் போட்டவள் நான். அந்த வண்டியில் என் பக்கத்தில் இன்னொருவன் உட்கார்ந்து ஓட்ட, நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வருவதை நினைத்தாலே உடம்பெல்லாம் எரிந்தது. போனால் போகட்டும் என்று விடுகிற விஷயமில்லை அது. டிரைவர் சீட்டை விட்டு ஒருநாள் இறங்கினால் மறுபடி ஏற விடமாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அண்ணன் சொல்றாரு. நீங்க இன்னா சொல்றீங்க?"

அவர் யோசித்துச் சொன்னார். "உன் காலு மேல எனக்கு நம்பிக்க இருக்குது. வண்டி மேலதான் இல்ல."

அதற்கப்புறம் வந்த லோடு மேல்சித்தாமூரில். அங்கே இருக்கும் ஜைன மடத்துக்குப் பின்னால் ஒரு களத்தில் மல்லாட்டை மூட்டைகள். நான் ஓட்டுகிற கடைசி லோடு என்று மாமா கணக்கில் இருந்தது. வீட்டுக்காரர் மூட்டைகளை ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு என் பக்கத்தில் ஏறி, வழக்கம்போல முன்னால் இருக்கும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். தெருவில் ஒரு ஆட்டு மந்தை. நின்றேன், நகர்ந்தேன், நின்றேன், நகர்ந்தேன். ஊரைத் தாண்டுவதற்குள் பெடல் இறங்கத் தொடங்கிவிட்டது. ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டினேன்.

இதற்கு முன் இப்படி நின்றபோதெல்லாம் நான் செய்தது ஒன்றுதான், ஷெட்டுக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருந்தேன். பானெட்டுக்குள் கை வைக்கக் கூடாது என்று மாமாவின் உத்தரவு. ஒன்று கிடக்க ஒன்று செய்துவிடுவேனாம். அன்று எனக்கு அந்தப் பயமும் இல்லை. வண்டியே கையை விட்டுப் போகப் போகிறது, உத்தரவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பானெட்டைத் திறந்து அந்தச் சின்ன டப்பாவின் மூடியைத் திருகினேன்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். தாகமெடுத்தவன் மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி ஒரு சத்தம்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அதன் அடியில் ஒரு ரப்பர் உண்டு, மடிப்பு மடிப்பாக. அது உள்ளே இழுபட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலே சுருங்கியது. ஆயில் குறையவில்லை. நான் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை.

"ஏறி உக்காந்து கெளட்ச மிதிங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"நானா?"

"வண்டி ஆஃப்ல இருக்குது. எங்கயும் போயிடாது. மிதிங்க."

டிரைவர் சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. ஸ்டியரிங்கைத் தொடாமல், பாம்பை மிதிக்கிற மாதிரி மிதித்தார். "நல்லா கெட்டியா இருக்குதே" என்றார்.

மூடியை இறுக்கி மூடினேன். இஞ்சின் ஆஃபிலேயே இருக்க, நான் ஏறி உட்கார்ந்து மிதித்தேன், மிதித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பெடல் இறங்கியது. இறங்கிப் போய் மூடியைத் திறந்தேன். உஸ். அவர் மிதித்தார். கெட்டி. மறுபடியும் அதையே செய்து பார்த்தோம். மறுபடியும் அதேதான்.

எனக்கு எண்ணெய் டின் ஞாபகம் வந்தது. டின்னில் ஒரே ஓர் ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் முக்கி முனகிக்கொண்டு வரும். எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட்டுக் காற்றுக்கு வழி விட்டால்தான் தாராளமாக இறங்கும். இது சமையலறையில் புழங்குகிற யாருக்கும் தெரியும். இந்த டப்பாவில் ஆயில் கீழே இறங்க வேண்டும் என்றால் மேலே காற்று போக ஒரு வழி இருக்க வேண்டும். எங்கே அந்த வழி?

மூடியின் மேல்பக்கத்தைப் பார்த்தேன். நட்டநடுவில், கட்டை விரல் அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். வெயிலிலும் புழுதியிலும் ஆயில் பிசுக்கிலும் காய்ந்து இறுகிச் சிமெண்டாக ஆகியிருந்தது.

அது எப்போது வைத்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வண்டியைச் சக்கரம் சக்கரமாகத் தேய்த்துக் கழுவியவள் நான். மறுநாள் விடிந்தபோது வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன். எங்கள் பக்கத்தில் மாதவிலக்கை அப்படித்தான் சொல்வார்கள். தூரம் என்றால் சாமி அறைக்குத் தூரம், பூஜைக்குத் தூரம், அன்றைக்கு வண்டிக்கும் தூரம். "நீ தள்ளி உக்காரு, நான் பாத்துக்குறேன்" என்று மாமா சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். மாட்டுக் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம், ஸ்டியரிங், பானெட் என்று வைத்தவர், பானெட்டைத் திறந்து உள்ளேயும் ஒவ்வொரு மூடிக்கும் அப்பு அப்பென்று அப்பினார். லாரிக்காரர் பூஜை, குறை வைக்கக் கூடாது அல்லவா.

அதற்கப்புறம் எத்தனையோ முறை அந்த மூடி திறக்கப்பட்டது. ஒருத்தர்கூட அந்தப் பொட்டைத் துடைக்கவில்லை. யார் துடைப்பார்கள்? வைத்த பொட்டை அழிக்க எங்கள் ஊரில் எந்தக் கைக்கும் தைரியம் வராது. ஓரத்தைப் பிடித்துப் பக்குவமாகத் திருகி, பக்குவமாக மூடினார்கள். கோளாறைத் தேடித் திறந்த அத்தனை பேரும், திறந்த கையோடு காற்றை உள்ளே விட்டு அதைச் சரிசெய்துவிட்டுத்தான் தேடியிருக்கிறார்கள். மாமாவும் அப்படித்தான். லாரிப் பழக்கம், பானெட்டைத் திறந்து எல்லா மூடியையும் ஒரு சுற்றுப் பார்க்காமல் வண்டியில் ஏறமாட்டார். அதனால் அவர் காலுக்கு மட்டும் பெடல் எப்போதும் மரியாதை கொடுத்தது.

"தொடச்சி வுட்டுடு" என்றார் வீட்டுக்காரர்.

"வேணாம்."

"ஏன்?"

இப்போது துடைத்தால் வண்டி சரியாகிவிடும், என் கால் சரியாகாது. அதை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். பொட்டு கலையாமல் மூடியை மூடினேன்.

மறுநாள் மாமாவிடம் போய் நின்றேன். "புது ஆளு வர்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு நாள் ஓட்டிக் காட்டுங்க மாமா. லோடோட. கமிட்டி வரிசை வரைக்கும். நான் பக்கத்துல உக்காந்து கத்துக்குறேன்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இத மொதல்லயே கேட்டிருக்கலாம்."

"ஒண்ணே ஒண்ணு. பானெட்ட தெறக்கக் கூடாது. நான் எப்படி எடுக்குறனோ அப்படியே எடுக்கணும். தண்ணி, ஆயிலு எல்லாம் நேத்தே பாத்தாச்சு."

"ஏன், உள்ள பேய் கீய் இருக்குதா?" என்று சிரித்தார். ஒத்துக்கொண்டார்.

அனந்தபுரத்தில் லோடு. ஓட்டினார் பாருங்கள், அழகாகத்தான் ஓட்டினார். பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொரு வேகத்தடையிலும் என் பக்கம் திரும்பி, "பாத்தியா, மிதிச்சமா எடுத்தமான்னு இருக்கணும்" என்றார். "சரிங்க மாமா" என்றேன். செஞ்சிக்குள் நுழையும்போது கோட்டை பார்க்க வந்த டூரிஸ்ட் பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நகர்ந்தோம், நின்றோம். கடைத்தெருவில் நின்றோம். பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அவர் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கமிட்டி ரோட்டில் திரும்பும்போது அவர் பெடலை இரண்டிரண்டு தடவை மிதிப்பதைக் கவனித்தேன். நான் ராஜகிரிக் கோட்டை மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வாசல் மேட்டில் வண்டி நின்றது. முன்னால் இருந்த டிராக்டர் நகர்ந்தது. மாமா மிதித்தார். கரகரவென்று கியர் கத்தியது. விட்டு மறுபடி மிதித்தார், மறுபடி கத்தியது. பின்னால் ஹாரன். டீக்கடையில் அதே தரகர், அதே கிளாஸ்.

"அண்ணே, கெளட்ச நல்லா அமுக்குண்ணே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் வாழ்க்கையில் சிரிப்பை அடக்க அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

"ரப்பரு போயிருக்கும் போல" என்றார் மாமா.

"புது ரப்பரு மாமா."

"அப்ப ஏர் ஏறியிருக்கும்."

"அதையும் எடுத்துட்டாங்க. சிலிண்டரும் புதுசு."

"அப்ப இன்னாதான் இது?"

"அப்ப காலுதான் மாமா."

அவர் கியரிலிருந்து கையை எடுத்தார். காது மடல் சிவந்திருந்தது. நான் இறங்கினேன், அவரையும் இறங்கி வரச் சொன்னேன். பானெட்டைத் தூக்கினேன். டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் எழுந்து வந்தார்கள், வரட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

"கிட்ட வந்து கேளுங்க" என்று மூடியைத் திருகினேன். உஸ்ஸென்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மூடியைக் கையில் எடுத்து, நகத்தால் பொட்டைச் சுரண்டத் தொடங்கினேன். மாமா பதறிக் கையை நீட்டினார்.

"பொட்ட அழிக்காத. நல்ல நாளும் அதுவுமா வச்ச பொட்டு. வண்டிக்கு ஆவாது."

சுரண்டியதில் முக்கால்வாசி உதிர்ந்தது. நடுவில் ஓர் ஊசி முனை அளவு ஓட்டை, அதில் மட்டும் சந்தனம் ஆணி அடித்தாற்போல் இறுகியிருந்தது. கழுத்தில் கை விட்டேன். தாலிக் கயிற்றில் எப்போதும் இரண்டு ஊக்கு தொங்கும். ஒன்றைக் கழற்றி நிமிர்த்தி ஓட்டைக்குள் குத்தித் திருகினேன். காய்ந்த சந்தனம் பொடியாகக் கொட்டியது. வாய் வைத்து ஊதினேன், அந்தப் பக்கம் காற்று வந்தது.

"பொட்ட நெத்தியில வைங்க, வேணாங்கல. மூக்குல வச்சி அடச்சா எந்த வண்டி மூச்சு வுடும்?" என்றேன்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார். மாமா மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதில் வேறு ஒன்றும் இல்லை. கடைசியில், "எவன் இப்படி அப்பி வச்சது?" என்றார்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம்.

"நீங்கதான் மாமா. நான் தூரம்னு என்ன தள்ளி உக்கார வச்சிட்டு, நீங்கதான் வச்சீங்க."

கமிட்டி வாசலில், அத்தனை ஆம்பளைகள் நடுவில், அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னேன். ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். ஆளாளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். தரகர் தன் கிளாசுக்குள் பார்த்தார். எனக்கு வெட்கமாக இல்லை. அத்தனை நாளும் என் காலைப் பற்றி வெட்கமில்லாமல் பேசியவர்கள்தானே, இதையும் கேட்கட்டும் என்று இருந்தது.

மாமா மூடியை என் கையில் கொடுத்தார். டிரைவர் சீட்டுப் பக்கம் போகவில்லை. வண்டியைச் சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். நான் மூடியைப் பூட்டி, பானெட்டை இறக்கி, ஏறி மிதித்தேன். பாதியில் பிடித்தது. ஃபர்ஸ்ட் கியர் போட்டு மேட்டில் ஏறி உள்ளே போனேன். இன்றைக்கு வரைக்கும் அந்தப் பெடல் மறுபடி இறங்கவில்லை. புது ஆளும் வரவில்லை.

மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. மெக்கானிக்கிடம் சொன்னபோது, "நான் அப்பவே நெனச்சேம்மா" என்றார். என்ன நினைத்தார் என்று அவருக்குத்தான் தெரியும். ஊரில் கதை வேறு மாதிரி நடந்தது. வண்டியில் ஏதோ தோஷம் இருந்ததாம், மாமாதான் கண்டுபிடித்துக் கழித்தாராம். என் கால் அந்தக் கதையிலிருந்து சத்தமில்லாமல் இறக்கிவிடப்பட்டது. குற்றம் சொல்லும்போது ஊரே சொன்னது, குற்றம் இல்லை என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. வராவிட்டால் போகட்டும், ஸ்டியரிங் என் கையில் இருந்தது.

இந்த வருடமும் ஆயுத பூஜை வந்தது. நாள் கணக்குப் பார்த்தால் என் தூரமும் மறுபடியும் சரியாக அங்கேயே வந்து நின்றது. மாமாவின் மனைவி, எனக்கு அக்கா முறை, முந்தின வாரமே ரகசியமாகச் சொன்னார். "மெடிக்கல்ல மாத்திர வாங்கிப் போட்டுக்க. ரெண்டு நாள் தள்ளிப் போயிடும். நாங்கல்லாம் கோயில் விசேஷத்துக்கு அப்படித்தான் செய்றோம்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் போடவில்லை. வண்டிக்கு அடைப்பு எடுத்த கையால் எனக்கு நானே அடைப்புப் போட்டுக்கொள்வதா?

பூஜையன்று காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்தேன். கழுவி நிறுத்திய வண்டிக்கு முன்னால் மாமா சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்தினார். வீட்டில் ஒன்று நடந்தால் அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் இருக்குமா?

"இன்னிக்கும் நான் தூரம்தான் மாமா. மறைச்சி செய்யல, சொல்லிட்டே செய்றேன். கிண்ணத்தக் குடுங்க."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி என்ன சொல்வார் என்று நானும் பார்த்தேன். என் வீட்டுக்காரர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, பானெட் லீவரை இழுத்தார். டக்கென்று சத்தம் கேட்டது. போய்ப் பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமா கிண்ணத்தை என் கையில் தரவில்லை. மதில் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அவர் அப்படித்தான் போவார் என்று எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அவர் முதுகைப் பார்த்தபோது கொஞ்சம் வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அக்கா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயும் போகவில்லை, கிட்டேயும் வரவில்லை.

கிண்ணத்தை எடுத்தேன். சக்கரங்களுக்கு வைத்தேன், விளக்குகளுக்கு வைத்தேன், ஸ்டியரிங்குக்கு வைத்தேன். எல்லாம் சின்னச் சின்னப் பொட்டு. கிளட்ச் டப்பாவின் வயிற்றில் ஒன்று வைத்து, மூடியை மட்டும் வெறுமனே விட்டேன். குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்தேன். வீட்டுக்காரர் பானெட்டை இறக்கிவிட்டுத் தன் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

தூரமானவள் தள்ளிப் போய் உட்கார வேண்டுமாம். உட்கார்ந்தேன், டிரைவர் சீட்டில். இடது காலால் கிளட்சை மிதித்து, கியரைப் போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றினேன்.